அஸ்டரைப் பட்டினி போடுங்கள்

(பேர்ண் வாசகர்களின் தோட்டக் கேள்விகள். இம்முறை பாதிக்கு மேல் அஸ்டர் பற்றியவை. கறிவேப்பிலைக்காரர் அடுத்த முறை வரை பொறுத்தருள்க.)

கேள்வி: மூன்று பேர்க் அஸ்டர் கண்டு வாங்கி, கறுத்த மண், ஆட்டெரு, கோழிப்பசளை என்று ஒரு குறையும் வைக்காமல் வளர்த்தேன். தளதளவென்று வந்து சரிந்து விழுந்தது. அடுத்த வசந்தத்தில் ஒன்றும் தலைகாட்டவில்லை. என்ன குறை? (பும்பிளிட்ஸ் வாசகி)

பதில்: குறை வைக்காததுதான் குறை, அக்கா. பேர்க் அஸ்டரின் தாய்வீடு வெயில் காயும் சுண்ணாம்புச் சரிவு. அங்கே மண் நாலு விரற்கடைதான், அதிலும் பாதி கல். பெய்த மழை நிற்க இடம் கிடையாது. ஆட்டெருவை அது கனவிலும் கண்டதில்லை. தழைச்சத்து கூடினால் தண்டு நீளும், இளகும், சாயும், பூ குறையும். அதோடு போயிருந்தால் கண்டு தப்பியிருக்கும். உங்கள் கண்டைக் கொன்றது மாரிக்காலத்து ஈரம். பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகைக் குளிரைத் தாங்குகிற செடி, நனைந்த களிமண்ணில் நவம்பர் முதல் மார்ச் வரை நின்றால் வேர் அழுகிச் சாகும். பேர்ணில் ஆண்டுக்கு 1000 மில்லிமீற்றர் அளவில் மழை. மண்ணோ பல இடங்களில் பழைய பனியாறு அரைத்துவிட்டுப் போன கனத்த மண்.

இனிச் செய்யவேண்டியது: வளவில் தெற்குப் பார்த்த, நாள் முழுக்க வெயில் விழுகிற மூலையைப் பிடியுங்கள். கறுத்த மேல்மண்ணை அள்ளித் தக்காளிப் பாத்திக்குக் கொடுத்துவிடுங்கள். கட்டடப் பொருள் விற்கும் இடத்தில் 'வாண்ட்கீஸ்' என்று கேட்டால் கழுவாத சரளை கிடைக்கும். அதில் மூன்று பங்கு, தோட்டத்து மண் ஒரு பங்கு கலந்து முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி, மேட்டின் தலையில் நடுங்கள். பசளை வேண்டாம். கொம்போஸ்ட் வேண்டாம். கொஞ்சமாகவும் வேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல்லின் மேல்தான் கிடக்கிறது. அந்த மண்ணில் பிறந்த நமக்கு இதை ஒருவர் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. பேர்ணின் கறுத்த மண்ணைக் கண்டு மயங்கிவிட்டோம், அவ்வளவுதான்.

கேள்வி: சுவிசின் சொந்த அஸ்டர் எவை? கடைக்காரரைக் கேட்டால் எல்லாமே சொந்தம் என்கிறார். (கோனிட்ஸ் வாசகர்)

பதில்: விற்பவருக்கு எல்லாம் சொந்தம்தான். உங்களுக்கு மூன்று போதும். முதலாவது பேர்க் அஸ்டர்: முழங்கால் உயரம், ஊதாநீல இதழ், நடுவே மஞ்சள், ஓகஸ்டில் தொடங்கி ஒக்ரோபர் வரை பூக்கும். இரண்டாவது அல்பன் அஸ்டர்: ஒரு சாணுக்கு மேல் வளராது, தண்டுக்கு ஒரே பூ, மலையில் யூலை வாக்கில் பூக்கும், நம் தோட்டத்துக்கு இறக்கினால் மே மாதமே அவசரப்படும். மூன்றாவது கோல்ட் அஸ்டர். இதற்குச் சுற்றிதழே கிடையாது, மஞ்சள் குஞ்சம் மட்டும். "இது வாடிப்போன பூவோ?" என்று விருந்தாளி கேட்பார். கேட்கட்டும். தேனீ அப்படிக் கேட்பதில்லை. நாலாவதாக மாஸ்லீப் என்ற வெள்ளைப் பூ ஒன்று மலையில் உண்டு. அதற்கு ஈரமும் நிழலும் வேண்டும், உங்கள் சரளை மேட்டில் ஒரு கிழமை தாங்காது.

கேள்வி: செப்ரெம்பரில் கடை வாசலெல்லாம் பந்துபோல் பூத்த அஸ்டர்ச் சாடி அடுக்கியிருக்கிறார்களே, மலிவாகவும் இருக்கிறது? (பெத்லகேம் வாசகி)

பதில்: அவை அனேகமாக வட அமெரிக்க அஸ்டர்களின் கலப்புகள். அமெரிக்க அஸ்டர் என்பதே இப்போது பழைய பேச்சு. 1994இல் நெசொம் என்ற தாவரவியலாளர் அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவற்றைத் தனிப் பேரினமாகப் பிரித்து, 'சிம்பியோட்ரைகம்' என்று வாயில் நுழையாத பெயருக்கு மாற்றிவிட்டார். அதற்குப் பிறகு அமெரிக்க மண்ணில் இயற்கையாக வளரும் அசல் அஸ்டர் ஒன்றே ஒன்றுதான், நம்முடைய அல்பன் அஸ்டர். அது இரண்டு கண்டத்து மலையிலும் இருக்கிறது. ஒரு காலத்தில் அஸ்டரின் தலைநகரம் அமெரிக்கா என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இந்தக் கதி.

சாடியில் வைத்து ரசிக்க வாங்கினால் நான் தடுக்கமாட்டேன். ஆற்றங்கரைப் பக்கம் தோட்டம் உள்ளவர்கள் மட்டும் நிலத்தில் நடாதீர்கள். நியூ பெல்ஜியன் அஸ்டர் என்ற வகை நிலத்துக்கடியில் வேர்த்தண்டு ஓட்டி, கரையோரத்தை முழுதாகப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: நாங்களே வந்து குடியேறின சனம். பூ மட்டும் உள்ளூர்ப் பூவாய்த்தான் இருக்கவேணும் என்று நீங்கள் சட்டம் பேசுவது நியாயமோ? (ஓஸ்டர்முண்டிகன் வாசகர்)

பதில்: இந்தக் கேள்வியை எதிர்பார்த்துத்தான் இருந்தேன், அண்ணை. செடியிடம் கடவுச்சீட்டு கேட்கும் வேலை எனக்கு வேண்டாம். உங்கள் தக்காளி தென் அமெரிக்கா, உருளைக்கிழங்கும் அதே பக்கம், மிளகாயும் அப்படித்தான். யாரும் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. நான் கேட்பது வேறு: அந்தச் செடியின் வீட்டில் யார் சாப்பிடுகிறார்கள்?

சுவிசில் 600க்கு மேற்பட்ட காட்டுத் தேனீ இனங்கள் இருக்கின்றன. 2024இல் வெளியான சிவப்புப் பட்டியலின்படி அவற்றில் கிட்டத்தட்ட 45 சதவீதம் அருகிவருகின்றன. காரணம் பல. ஒரு காரணம் சாப்பாட்டு விஷயத்தில் அவற்றின் பிடிவாதம். பட்டுத்தேனீ என்று ஒரு கூட்டம் உண்டு, தன் கூட்டறைக்குப் பட்டுப்போன்ற படலத்தால் உட்பூச்சு பூசும். அதில் சில இனங்கள் சூரியகாந்திக் குடும்பத்து மகரந்தத்தைத் தவிர வேறெதையும் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. அஸ்டர் அந்தக் குடும்பம். முன்பு இவை காய்ந்த புல்வெளிகளில் வயிறு வளர்த்தன. 1900க்குப் பிறகு சுவிசின் காய்ந்த புல்வெளிகளில் ஏறக்குறைய 95 சதவீதம் போய்விட்டது, பசளை போட்டும் உழுதும் வீடு கட்டியும். செப்ரெம்பரில் மற்றக் கடையெல்லாம் பூட்டியபின் திறந்திருக்கும் சாப்பாட்டுக்கடை பேர்க் அஸ்டர். அதை உங்கள் வளவில் திறந்துவையுங்கள் என்கிறேன்.

அரசு சட்டம் பேசுவது பிறத்தியாரை நெருக்கி அழிக்கும் செடிகளோடு மட்டும். 2024 செப்ரெம்பர் 1 முதல் கிர்ஷ்லோர்பேர் வேலிச் செடி, ஊதாக் கதிர்விடும் சொமர்ஃப்லீடர், தெசினர்ப் பனை முதலியவற்றை விற்கவும் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கவும் கூடாது. ஏற்கெனவே நட்டது நிற்கலாம். இப்படி மனிதருக்கு யாராவது சட்டம் எழுத வந்தால் சொல்லுங்கள், உங்களோடு நானும் பதாகை பிடிக்கிறேன். அஸ்டர் விஷயத்தில் தேனீயின் பக்கம்தான் நிற்பேன்.

கேள்வி: என் நிலத்தின் ஓரத்தில் தானாகவே வெள்ளை நட்சத்திரமாய்ச் சின்னச் சின்னப் பூ பூத்திருக்கிறது. நடுவில் மஞ்சள். காசில்லாமல் அஸ்டர் கிடைத்துவிட்டதோ? (சோலிகோஃபன் வாசகி)

பதில்: கிடைத்தது வில்லங்கம். அதன் பெயர் பெருஃப்க்ரவுட். வட அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்தது. இன்று சுவிசின் எந்த ரயில் தண்டவாளத்தைப் பார்த்தாலும் கையசைக்கிறது. தூரத்தில் அஸ்டர், கிட்டப் போனால் கமோமில். இதழைப் பாருங்கள், நூல்போல மெலிந்து நெருக்கமாக இருக்கும். ஒரு செடி பல்லாயிரம் விதை விடும், காற்று கொண்டுபோகும். புல்வெட்டியால் தலையை வெட்டினால் சாகாது, மறு வருடமும் வரும். மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்கி, பூத்ததைக் குப்பைப் பையில் போடுங்கள். கொம்போஸ்ட்டில் போட்டால் அடுத்த வருடம் அங்கிருந்து புறப்படும். பைக் காசை நினைத்துப் பெருமூச்சு விடுவது தெரிகிறது. பூக்குமுன் பிடுங்கியிருந்தால் அந்தக் காசு மிச்சம்.

கேள்வி: 'மொங்க்' என்று பெயர் எழுதிய ஒரு அஸ்டர் வாங்கினேன். மலைக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம்? (முரி வாசகர்)

பதில்: அருமையான ஆளை வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறீர்கள். சூரிச் ஏரிக்கரையில் ஷ்டேஃபா என்ற ஊரில் ஃப்ரிகார்ட் என்று ஒரு நாற்றுப்பண்ணைக்காரர் இருந்தார். முதலாம் உலகப்போர் முடிந்த காலத்தையொட்டி நம் பேர்க் அஸ்டரையும், மேற்கு இமயமலையில் வளரும் தொம்சன் அஸ்டரையும் கலந்தார். பிறந்த பிள்ளைகளில் மூன்றுக்கு ஐகர், மொங்க், யுங்ஃப்ராவ் என்று பெயர் வைத்தார். வானம் வெளித்தால் பாராளுமன்றத்துக்குப் பின்னாலுள்ள மேடையில் நின்று நாம் பார்க்கிற அதே மூன்று மலைகள்: 3967, 4110, 4158 மீற்றர். உலகத் தோட்டக்காரர்களிடையே மலைகளின் வரிசை வேறு. உயரமான யுங்ஃப்ராவை யாரும் அவ்வளவு தேடுவதில்லை, நடுப்பிள்ளை மொங்குக்குத்தான் பேரும் புகழும். இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் அதற்கு விருதும் கொடுத்திருக்கிறது.

ஒரு பக்கம் ஐரோப்பா, மறு பக்கம் காஷ்மீர்ப் பக்கத்து மலை, பிறந்தது சுவிசில், பெயரோ அசல் பேர்ண் மலைப் பெயர். முந்தைய கேள்வி கேட்ட ஓஸ்டர்முண்டிகன் அண்ணைக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

மொங்க் யூலை முதல் ஒக்ரோபர் வரை சளைக்காமல் பூக்கும், முக்கால் மீற்றருக்கு மேல் போகும். தோட்ட மண்ணையும் ஓரளவு பொறுக்கும். ஆனால் விதையை நம்பாதீர்கள். வசந்தத்தில் அடித்தண்டை வெட்டி ஊன்றியோ, தூரைப் பிரித்தோதான் பெருக்கவேண்டும். சுத்தமான உள்ளூர்ச் செடிதான் வேண்டும் என்ற கணக்கில் இதைச் சேர்க்கமுடியாது. நான் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறேன்.

கேள்வி: பேர்ண் என்றால் ஜெரேனியம்தான், அஸ்டர் எல்லாம் புல்லு என்கிறார் வீட்டுக்காரர். (லெங்காசே வாசகி)

பதில்: நகரத்தின் ஜெரேனியம் சந்தை 1957இலிருந்து நடக்கிறது, பழைய நகரத்து யன்னல்களில் சிவப்பாய்த் தொங்குவதும் உண்மைதான். அந்தச் செடியின் ஊர் தென்னாபிரிக்கா. ஒக்ரோபரில் ஒருநாள் உறைபனி விழுந்தால் கதை முடிந்தது, உள்ளே தூக்கவேண்டும். நம் புல்லு வெளியே நின்று சிரிக்கும். தேனீக்கும் ஜெரேனியத்தில் கிடைப்பது ஏமாற்றம்தான். வீட்டுக்காரருக்கு யன்னலைக் கொடுங்கள், நிலத்தை நீங்கள் எடுங்கள்.

கேள்வி: மூன்றாம் மாடி, பல்கனி மட்டும்தான். அப்வார்ட் (கட்டடப் பராமரிப்பாளர்) கம்பிக்கு வெளியே சாடி தொங்கவிடக்கூடாது என்கிறார். அஸ்டர் சரிவருமோ? (வைலர் வாசகர்)

பதில்: அப்வார்ட் சொல்வது சரி. கீழே நடப்பவரின் தலையும் உள்ளூர்த் தலைதான். அல்பன் அஸ்டரும் கோல்ட் அஸ்டரும் சாடிக்கு ஏற்றவை. சாடி மண்சாடியாக இருக்கட்டும், அடியில் துளை பெரிதாக இருக்கட்டும். பூச்சாடி மண் என்று பையில் விற்பதை அப்படியே போடாதீர்கள், பாதிக்குப் பாதி சரளையும் மணலும் கலவுங்கள். பையை வாங்கும்போது 'டோர்ஃப்' இல்லாத மண்ணா என்று பாருங்கள். சதுப்பு நிலத்தைத் தோண்டி எடுக்கிற அந்தக் கரியை விட்டொழிக்க சுவிஸ் அரசு 2012இலேயே திட்டம் போட்டுவிட்டது. சாடிக்கு அடியில் தண்ணீர்த் தட்டு வேண்டாம். மாரியில் சாடியைச் சுவரோரம், மழை படாத இடத்துக்கு நகர்த்துங்கள். உள்ளே ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துச் செல்லம் கொடுத்தால், குளிர்கால நித்திரை கெட்டு, பூக்காமலே நிற்கும்.

கேள்வி: நத்தை! ஓடில்லாத செம்மண்நிற நத்தை! ஒரே இரவில் குருத்தெல்லாம் காலி! (ஆத்திரப்பட்ட ஒரு வாசகி, இட்டிகன்)

பதில்: ஆச்சரியக்குறிகளைப் பார்த்தாலே விடிய எழும்பிப் பார்த்த முகம் தெரிகிறது. பேர்க் அஸ்டரின் ஏப்ரல் குருத்து நத்தைக்கு விருந்து. பழைய ஆட்கள் போடும் நீலக் குருணையில் மெட்டல்டிஹைட் இருக்கும், முள்ளெலிக்கும் நாய்க்கும் ஆபத்து. இரும்புப் பொஸ்பேற் குருணை வாங்குங்கள், குருத்து மண்ணைத் துளைக்கும் முன்பே, மார்ச் கடைசியில், கொஞ்சமாகத் தூவுங்கள். மாலையில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். இரவு ஈரத்தில்தான் அவர்கள் ஊர்வலம் வருகிறார்கள், காலையில் ஊற்றினால் மாலைக்குள் நிலம் காய்ந்துவிடும். சரளை மேட்டில் நட்டவர்களுக்கு இந்தத் தொல்லை பாதி. காய்ந்த கல்லில் வயிறு தேய்ப்பது நத்தைக்கும் பிடிக்காது.

கேள்வி: இலையில் மா தூவினதுபோல வெள்ளை. (பும்பிளிட்ஸ் வாசகர்)

பதில்: சாம்பல் நோய். எந்த அஸ்டர் என்று எழுதவில்லை, அமெரிக்கக் கலப்பாகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். வேர் காய்ந்து, மேலே காற்றோட்டமில்லாமல் ஈரம் நின்றால் அதற்கு இது வரும். நோயுள்ள தண்டுகளை வெட்டி எறியுங்கள், நெருக்கத்தைக் குறையுங்கள், தூரில் மட்டும் தண்ணீர் விடுங்கள், இலையில் தெளிக்காதீர்கள். அடுத்த வருடம் மே கடைசியில், ஊரில் செவ்வந்திக்குச் செய்வதுபோல நுனி கிள்ளிவிட்டால் செடி குட்டையாய், கிளைவிட்டு, தாங்குகோல் இல்லாமல் நிற்கும். பூ இரண்டு கிழமை பிந்தும். பேர்க் அஸ்டரைக் கிள்ளவேண்டியதில்லை, அதன் உயரமே அவ்வளவுதான்.

கேள்வி: ஓசூரில் என் சின்னம்மா ஏக்கர்க்கணக்கில் அஸ்டர் போடுகிறார். விதை கொண்டுவந்து இங்கே போடலாமா? (தமிழ்நாட்டிலிருந்து வந்த வாசகி, பேர்ண் நகரம்)

பதில்: சின்னம்மாவுடையது சீன அஸ்டர். மாலைக்கும் பூச்செண்டுக்கும் ஓசூர், பெங்களூர்ப் பக்கம் பயிராகிற ஒரு வருடச் செடி. பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் காமினி, பூர்ணிமா, சஷாங்க் என்றெல்லாம் அதில் ரகம் விட்டிருக்கிறது. அழகில் குறைவில்லை. நம் அஸ்டருக்கு ஒன்றுவிட்ட உறவு, அவ்வளவுதான். பேர்ண் உறைபனியைக் கண்டால் அன்றே முடிவு.

கொண்டுவருவது வேறு கதை. 2020 சனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து செடி, விதை, பூ, பழம் எது வந்தாலும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்து பழங்களுக்கு மட்டும்: வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சம்பழம், தூரியன். தூரியனை விமானத்தில் ஏற்ற விமானக்காரர் விடமாட்டார். ஆக உங்களுக்கு நாலு. சின்னம்மாவிடம் விதை கேட்காமல் வாழைப்பழச் சீப்பாகக் கேளுங்கள்.

கேள்வி: மலைக்குப் போனபோது அல்பன் அஸ்டர் கொள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு தூர் கிளப்பினால் குடியா முழுகிவிடும்? (வொர்ப் வாசகர்)

பதில்: உங்கள் குடி முழுகாது, அதன் குடி முழுகும். பாறை இடுக்கில் வருடக்கணக்காய் வேர்விட்டது உங்கள் பையில் பிளாஸ்ரிக்கில் வெந்து, வீடு வருமுன்னே அரைவாசி செத்திருக்கும். அஸ்டர்களுக்குச் சில மாநிலங்களில் சட்டப் பாதுகாப்பும் உண்டு. காட்டுச்செடி வளர்க்கிற நாற்றுப்பண்ணையில் ஒரு கண்டு ஏறக்குறைய ஒரு கோப்பிக் காசு. வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது சுவிசில் சேகரித்த விதையிலிருந்து வந்ததா?" பதில் சொல்லத் தடுமாறினால் அடுத்த பண்ணைக்குப் போங்கள்.

காசு செலவழிக்காமல் பார்த்துத் தெளிய ஆசையென்றால் லொரைன் பாலத்தடியில் பல்கலைக்கழகத் தாவரவியற் பூங்கா இருக்கிறது. ஆற்றுச் சரிவில் கல் அடுக்கி அல்ப்ஸ் செடிகளை வைத்திருக்கிறார்கள். சுவிஸ் காட்டுச்செடிகள் எங்கெங்கே வளர்கின்றன என்று கணக்கு வைத்திருக்கும் இன்ஃபோ ஃப்ளோரா நிலையமும் அதே வளவில்தான். ஊரின் பெயரைப் போட்டு அங்கே எந்தச் செடி பதிவாகியிருக்கிறது என்று அவர்களுடைய இணையத் தளத்தில் பார்க்கலாம்.

கேள்வி: பல்கலைக்கழகத்துக்கு முன்னால் சிலையாய் நிற்கும் ஹாலர் பூக்காரர் என்கிறாள் மகள். மருத்துவர் என்கிறார் மனைவி. யார் சரி? (மாத்தன்ஹோஃப் வாசகர்)

பதில்: மகள் சரி, மனைவியும் சரி. வீட்டில் சமாதானம். அல்பிரெக்ட் வொன் ஹாலர் 1708இல் பேர்ணில் பிறந்தார். உடற்கூறு, மருத்துவம், தாவரம் மூன்றிலும் பெரிய தலை, போதாததற்கு அல்ப்ஸ் மலை பற்றி நெடுங்கவிதையும் எழுதியவர். சுவிஸ் தாவரங்களைத் தொகுத்து 1742இலும் 1768இலும் பெரும் நூல்கள் வெளியிட்டார். ஒரு பிடிவாதம்: சுவீடனின் லின்னேயஸ் கொண்டுவந்த இரட்டைப் பெயர் முறையை அவர் ஏற்கவேயில்லை. செடிக்கு ஒரு முழு வாக்கியமே பெயராக இருக்கவேண்டும் என்பது அவர் கட்சி. லின்னேயஸ் 1753இல் பேர்க் அஸ்டருக்கு 'அஸ்டர் அமெலஸ்' என்று இரண்டு சொல்லில் பெயர் வைத்தார், அது நிலைத்துவிட்டது. ஹாலர் வென்றிருந்தால் பண்ணையில் கண்டின் பெயர் சொல்லி முடிப்பதற்குள் கடை பூட்டிவிடும்.

கேள்வி: தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். அஸ்டர் பிரயோசனப்படுமோ? (மூன்சிங்கன் வாசகர்)

பதில்: இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே பிரயோசனப்பட்டிருக்கிறது. ரோமக் கவிஞர் வெர்ஜில், விவசாயம் பற்றிய தம் காவியத்தில் நோய்ப்பட்ட தேனீக்கு மருந்து சொல்கிறார்: அமெலஸ் என்ற பூவின் வேரை வாசனை வைனில் அவித்து, கூடையில் போட்டு, கூட்டு வாசலில் வைக்கவேண்டுமாம். லின்னேயஸ் பெயரை எடுத்தது அங்கிருந்துதான். வைனை நீங்களே குடித்துவிட்டு, வேரை மண்ணிலேயே விடுங்கள். பூத்தால் போதும், தேனீ தன் வைத்தியத்தைத் தானே பார்க்கும். ஒன்று கவனம்: ஒரு பெட்டியில் பல ஆயிரம் தேனீ, பக்கத்திலுள்ள காட்டுத் தேனீயோ தனியாள். பெட்டி வைத்திருப்பவர் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு அஸ்டர் நடுவதுதான் முறை.

கேள்வி: எப்போது நடுவது? (பெயரில்லாத அட்டை)

பதில்: ஏப்ரல், மே. பேர்க் அஸ்டர் உறைபனிக்கு அஞ்சாது, ஆகவே மே நடுவில் வரும் ஐஸ்ஹைலிகன் நாட்கள் முடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம், அது தக்காளிக்காரர் கவலை. இலையுதிர்காலத்தில் நட்டால் வேர் பிடிக்குமுன் ஈரமும் குளிரும் சேர்ந்து வந்துவிடும். கடையில் பூத்து நிற்பதைப் பார்த்து செப்ரெம்பரில் வாங்கியவர்கள் சாடியோடு சுவரோரம் வைத்திருந்து, வசந்தத்தில் இறக்குங்கள்.

கேள்வி: யூலையில் பள்ளிக்கூடம் விட்டதும் ஊருக்குப் போறம். நல்லூர்த் திருவிழா முடிய, ஓகஸ்ட் கடைசியில்தான் திரும்புவது. தண்ணீர் விட ஆளில்லை. (பெத்லகேம் வாசகர்)

பதில்: போய்த் தேர் பார்த்து வாருங்கள். நட்ட முதல் வருடம் மட்டும்தான் பக்கத்து வீட்டுக்காரரிடம் திறப்புக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். இரண்டாம் வருடத்திலிருந்து நிலத்தில் நிற்கும் பேர்க் அஸ்டருக்கு வெயில்கால வரட்சி பழக்கப்பட்ட விஷயம். நீங்கள் திரும்பும்போது அது பூக்கத் தொடங்கியிருக்கும். பல்கனிச் சாடிக்கு இந்தச் சலுகை கிடையாது.

கேள்வி: பூத்து முடிந்த தண்டுகளை வெட்டாமல் விட்டிருக்கிறேன். பக்கத்துத் தோட்டக்காரர் ஒழுங்கில்லை என்று முகம் சுளிக்கிறார். (குடும்பத் தோட்டக்காரர் ஒருவர்)

பதில்: சுவிசில் ஒழுங்கு பெரிய விஷயம், ஆனால் காய்ந்த தலையில் விதை இருக்கிறது. குளிர்காலத்தில் டிஸ்டல்ஃபிங்க் என்ற சிவப்பு முகக் குருவி தொங்கிக்கொண்டு கொத்தித் தின்னும். தண்டுக்குள்ளும் சருகுக்கடியிலும் பூச்சிகள் மாரி கழிக்கும். மார்ச்சில் வெட்டுங்கள். அதுவரை முகத்துக்குப் பரிகாரம்: பாத்தி ஓரத்தை மட்டும் நூல் பிடித்ததுபோல வெட்டிவையுங்கள். ஓரம் நேராக இருந்தால் நடுவில் நிற்பது திட்டமிட்ட காடு என்று ஒப்புக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் யந்திரத்தைக் கிளப்பாதீர்கள், அதற்கு என்னிடம் பரிகாரம் கிடையாது.

கேள்வி: செடி நாலு வருடமாயிற்று. நடு வெறுமையாகி, ஓரத்தில் மட்டும் பூக்கிறது. (சோலிகோஃபன் வாசகர்)

பதில்: கிழடு தட்டிவிட்டது. மார்ச் கடைசியில் குருத்து ஒரு விரல் வந்ததும் கிளப்பி, ஓரத்துத் துண்டுகளைக் கையால் பிரித்து நடுங்கள், நடுவை எறியுங்கள். மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை இது தேவை. மிஞ்சிய துண்டு பக்கத்து வீட்டுக்கு. விதையும் போடலாம், ஆனால் அஸ்டர் விதை சீக்கிரம் உயிர்விடும், மேசை லாச்சியில் மூன்று வருடம் தூங்கிய பக்கற்றை நம்பவேண்டாம்.

கேள்வி: நவராத்திரிக்கு அஸ்டர் சாத்தலாமா? கோயிலில் என்ன சொல்வார்கள்? (ஐரோப்பாத் திடல் பக்கத்து வாசகி)

பதில்: பல்சமய இல்லத்தில் ஞானலிங்கேச்சுரர் உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். கோயில் முறையை அங்கேயே கேட்பதுதான் முறை. தமிழில் கேட்கலாம், பூசையே தமிழில்தான். வீட்டுக் கும்பத்துக்கு என்றால் என் அபிப்பிராயம்: செப்ரெம்பர், ஒக்ரோபரில் பேர்ண் வளவில் பூச்சிமருந்து படாமல், அன்று காலை பறித்த பூ வேறென்ன கிடைக்கும்? பறிக்கும்போது தேனீ இருந்தால் அது எழும்பும்வரை பொறுங்கள். அதன் பூசையும் அங்கேதான் நடக்கிறது.

கேள்வி: அஸ்டர் இலையில் வறை வறுக்கலாமோ? (கோனிட்ஸ் வாசகி)

பதில்: எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நெதர்லாந்துக் கரையில் உப்பு நீரில் வளரும் கடல் அஸ்டரின் இலையைக் கீரையாக விற்கிறார்கள். கொரியாவில் ஒரு காட்டு அஸ்டரின் இளந்தளிரை அவித்து நல்லெண்ணெயில் பிரட்டுகிறார்கள், நம் வறைக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். பேர்க் அஸ்டர் அந்தப் பட்டியலில் இல்லை. இலை தோல்போல முரடு, மேலே சுணை. ஒரு சட்டி வறைக்கு உங்கள் மேடு முழுவதையும் மொட்டையடிக்கவேண்டும். தேங்காய்ப்பூவைத் துருவி வைத்திருந்தால் பக்கத்துப் பாத்தியில் பெற்றுட் இலை நிற்கிறதா என்று பாருங்கள்.